டிரெட்மில்லில் வந்த டீக்கடை

பசங்களா, நடைப்பயிற்சி மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் இடது பக்கம் திரும்பிய ஒரே ஆள் இந்தக் கொரட்டூரில் உங்கள் அப்பாதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெட்கப்பட மாட்டேன்.

இருபத்தைந்து வயதில் எனக்குப் பார்வை போய்விட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டுகளைத் தடவிப் பார்த்து அளவு பிரிக்கிற வேலை. நாள் முழுக்க உட்கார்ந்த இடம். (பதவி உயர்வு என் தொப்பைக்கு மட்டும்தான் கிடைத்தது.) காலையில் மட்டும் தனியாக நடப்பேன். வாசலிலிருந்து நேராக இருநூற்றுப் பன்னிரண்டு அடி. அங்கே இடது பக்கம் திரும்பினால் காதர் பாய் டீக்கடை. மற்றவர்கள் போர்டைப் பார்ப்பார்கள். நான் அடியை எண்ணுவேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் மாடி ஏறும்போது நெஞ்சை அடைத்தது. உங்கள் அம்மா பயந்துவிட்டாள்.

"நெஞ்சு வீக்குனு டாக்டர் சொல்லட்டும், அதோட தனியா நடக்கிறதை வுட்டுடணும். கம்முனு ஊட்ல கெட!"

டீ போனால் போகட்டும். என் காலால் நானே போகிற இடம் அது ஒன்றுதான் பசங்களா.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "இவருக்கு நெஞ்சு வலிக்குதாம்மா?"

"கண்ணுதான் மேடம் தெரியாது. வாய் நல்லா பேசும். என்னையே கேளுங்க" என்றேன்.

டிரெட்மில்லில் நடக்கச் சொன்னார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டே டெக்னீஷியன் தம்பி, "கெட்டியா புடிச்சிக்கோ அண்ணாத்தே" என்றான்.

"தினமும் நடக்கிறவன்ப்பா நான்" என்று ஒரு கையை விட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். (அந்த நெஞ்சைத்தான் அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள்.)

கால் நடந்தால் என் மனசு தானாக எண்ண ஆரம்பித்துவிடும். நூறு. நூற்றைம்பது. வேகம் கூடியது, எண்ணிக்கையும் கூடியது. இருநூற்றுப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

திரும்பிவிட்டேன்.

இடது கால் வெளியே போனது. வலது காலை மிஷின் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. ஒயரெல்லாம் பட்பட்டென்று பிய்ந்தது. கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன். அது திரைச்சீலை. கம்பியோடு சேர்ந்து என் மேல் விழுந்தது. திரைக்குப் பின்னால் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த பெரியவர், "அய்யய்யோ, எம்மேல கைய வெச்சிட்டான்!" என்று அலறினார். (நான் கையே வைக்கவில்லை. விழுந்தது கம்பி. அவருக்குச் சட்டையில்லை என்பது அம்மா பிறகு சொன்னது.)

தம்பி மிஷினை நிறுத்திவிட்டு அம்மாவிடம், "யக்கா, இவருக்கு இது ஒத்துவராது. முடியலன்னு எழுதிடலாம்" என்றான்.

அம்மா அழுதாள். "நான் அப்பவே சொன்னேன். இனிமே வாசலைத் தாண்டாதய்யா!"

டாக்டரம்மா ஓடி வந்து கை கால்களை அமுக்கிப் பார்த்தார். முட்டியில் சிராய்ப்பு மட்டும்தான். "எதுக்குங்க திரும்பினீங்க?" இந்த முறை என்னையே கேட்டார்.

"டீக்கடை வந்துடுச்சு மேடம்."

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். தம்பி சிரித்தான். மேலே துண்டைப் போர்த்தியிருந்த பெரியவரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"இது கண்ணுக்கு வெச்ச டெஸ்ட்டா மேடம்? நெஞ்சுக்குத்தானே? முடியலன்னு எழுதாதீங்க. நான் மறுபடி ஏறுறேன். வேகம் கூடினா, மேடு வந்தா வாயால சொல்லச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அரை மணி நேரம் உட்காரவைத்து, பிரஷர் பார்த்து, மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மனசில் டீக்கடைத் தெருவை விட்டுவிட்டு, பார்வை இருந்தபோது நடந்த ஏரிக்கரையைப் போட்டுக்கொண்டேன். அது நேராகப் போகிற கரை, திருப்பமே கிடையாது. "மேடு வருது அண்ணாத்தே... வேகம் கூடுது..." என்று தம்பி சொல்லிக்கொண்டே வந்தான். வேர்த்துக் கொட்டியது, நிற்கவில்லை. போதும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் நின்றேன்.

"நெஞ்சு நல்லா இருக்கு. பிரஷர்தான் அதிகம். மாத்திரையை விடாதீங்க, உப்பையும் சர்க்கரையையும் குறைங்க. தினமும் நடங்க. உக்காந்தே இருந்தாத்தான் ஆபத்து" என்றார்.

"அவ காதுல உழற மாதிரி சத்தமா சொல்லுங்க மேடம்" என்றேன்.

இப்போது காலையில் ஏரிக்கரை வரை போய் வருகிறேன். குழம்பில் உப்பைக் கூட்டிப் போட்டாலும் சரி, பரீட்சையில் மார்க்கு குறைந்தாலும் சரி, நம் வீட்டில் யார் சொதப்பினாலும், "இன்னா, டீக்கடை வந்துடுச்சா?" என்றுதானே கேட்கிறீர்கள்? கேளுங்கள்.

நான் கிளம்பும்போது அம்மா இன்றைக்கும் வாசலிலிருந்து கத்துகிறாள்: "யோவ், நேரா போ! எங்கயும் திரும்பாத!"

இருநூற்றுப் பன்னிரண்டாவது அடியில் வேண்டுமென்றே திரும்புகிறேன். காதர் பாய் சர்க்கரை இல்லாத டீயோடு நிற்கிறார்.