பழைய மெட்டுக்கும் புது மெட்டுக்கும் நடுவே பத்துப் பேர்

பேரன்புள்ள அக்கா ரோஸ்லினுக்கு,

ஈரி நகரில் வாசல் பனியை வாரிக் கொட்டியே இடுப்பொடிந்த உன் தம்பி லெஸ்டர் எழுதுவது. நானும் என் மூட்டுவலியும் நலம். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள். இருந்தாலும் கொஞ்சம் பொறாமையோடு விசாரிக்கிறேன்.

மறைந்த அப்பாவுக்கு வாராவாரம் காதிஷ் சொல்ல முடிகிறதா என்று கேட்டிருந்தாய். இப்போது முடிகிறது, அக்கா. அந்த நீத்தார் பிரார்த்தனைக்கு நம் யூத வழக்கப்படி பத்துப் பேர் கூட வேண்டுமே, நம் ஜெப ஆலயத்தில் பத்துப் பேரைச் சேர்ப்பதற்குள் எனக்கு வாயில் நுரை தள்ளிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை வீடு வீடாகப் போன் போட்டுக் கெஞ்சியும் ஏழு பேர்தான் வந்தார்கள். அடுத்தவர் வீட்டுத் துக்கத்துக்கெல்லாம் பத்தாவது ஆளாக ஓடிப்போய் நின்ற மனிதர் நம் அப்பா. அவருக்குச் சொல்ல ஆளில்லாமல் புத்தகத்தை மூடிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்து அழுதேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் வழிபாட்டுப் பாட்டுகளை நடத்தும் புதுப் பாடகி டாலியா கிதாரும் கையுமாக வந்து சேர்ந்தாள். வந்த முதல் வாரமே, ஓய்வுநாளை மணப்பெண்ணாகவும் மகாராணியாகவும் வரவேற்கும் வெள்ளிக்கிழமைப் பாட்டின் மெட்டை மாற்றிவிட்டாள். மறுநாளே பிளாட்கின் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். பள்ளியில் எனக்குக் கணக்கு எடுத்து, என் காதைத் திருகிய அதே டீச்சர்தான். நான் வழிபாட்டுக் குழுத் தலைவன் என்பதெல்லாம் அவரிடம் செல்லுமா? "லெஸ்டர், இது பாட்டா, டூத்பேஸ்ட் விளம்பரமா? மகாராணி மாதிரி நடந்து வர்றவளை, பஸ்ஸுக்கு ஓடறவளைக் கூப்பிடற மாதிரில்ல கூப்பிடறா!" என்றார். டாலியாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். "சார், உங்க டீச்சர் மெட்டுல பாடினா, மகாராணி வந்து சேர்றதுக்குள்ள வீட்டுல சூப் ஆறிடும்" என்றாள். இரண்டு பேரிடமும் நான் தலையை ஆட்டி வைத்தேன். அதுதானே குழுத் தலைவனின் வேலை!

அடுத்த வெள்ளி டீச்சர் தன் மாஜோங் ஆட்டத் தோழிகளைத் திரட்டிக்கொண்டு வந்து, புது மெட்டுக்கு மேலே பழைய மெட்டை உரக்கப் பாட ஆரம்பித்தார். கடைசிச் சரணத்துக்கு, மணப்பெண்ணை வரவேற்க எல்லோரும் வாசலைப் பார்த்துத் திரும்ப வேண்டும் அல்லவா? டாலியா கட்சி திரும்பி, பாடி முடித்து, மறுபடி முன்பக்கம் திரும்பும்போதுதான் டீச்சர் கட்சி வாசலை நோக்கித் திரும்புகிறது! இரு கட்சியும் மூக்குக்கு மூக்கு முறைத்துக்கொண்டு நின்றன. மணப்பெண் அப்போது உள்ளே வந்திருந்தால் அப்படியே திரும்பிப் போயிருப்பாள்.

"ஆள் பலம் வேணும்" என்று டாலியா மறுவாரம் கல்லூரிப் பிள்ளைகளை இறக்கினாள். உடனே டீச்சர், விருந்துக்குச் செய்த குகெல் என்ற நூடுல்ஸ் பலகாரத்தில் யாரோ திராட்சை போட்டார்கள் என்று கோபித்து வருடக்கணக்கில் இந்தப் பக்கமே தலைகாட்டாத ஸிட் வைன்ட்ராபைக் கூட்டி வந்தார். "எனக்கு மெட்டும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. ஆனா எதிர்க்கிறேன்" என்று முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டான் ஸிட். இப்போது கூட்டம் தாங்கவில்லை, அக்கா. மடக்கு நாற்காலி போடுகிறோம்! அடித்துக்கொள்கிற அத்தனை பேரும், நான் அப்பா பேரைச் சொல்லி எழுந்ததும் கப்சிப் என்று அடங்கி, ஒரே குரலில் 'ஆமென்' சொல்கிறார்கள். போன வாரமும் காரில் போய் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

சீக்கிரம் ஒரு முடிவு சொல் என்று குழு என்னை நெருக்குகிறது. நான் ஒவ்வொரு கூட்டத்தையும் ஒத்திவைக்கிறேன். காதிஷ் சொல்ல வேண்டிய மாதங்கள் முடியும்வரை இந்தச் சண்டைக்கு ஒரு குறையும் வராமல் நான் பார்த்துக்கொள்வேன். ஆகவே நீ அப்பாவை நினைத்துக் கவலைப்படாமல் தூங்கு.

அத்தானுக்கு என் வணக்கம். உன் வீட்டில் ஒளியும் உன் முட்டியில் பலமும் குறையாதிருக்க ஆண்டவன் அருளட்டும்.

உன் அன்புத் தம்பி,
லெஸ்டர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது டீச்சர் போன் செய்தார். டாலியாவும் அவரும் காப்பி குடித்துச் சமாதானம் ஆகிவிட்டார்களாம். முதல் பாதி பழைய மெட்டு, மறுபாதி புது மெட்டு. "நல்ல பொண்ணுடா. இனிமே நான் வந்து காவல் காக்கணும்னு இல்ல. பனி வேற கொட்டுது, நாங்க வெள்ளிக்கிழமை மாஜோங் ஆடறோம்" என்றார். மறுபடியும் ஏழு பேர்தானா, அக்கா! "ரொம்ப சந்தோஷம் டீச்சர்... வர்ற வெள்ளிக்கிழமை டிரம் வாசிக்கலாம்னு குழு முடிவு பண்ணியிருக்கு" என்று சொல்லிவிட்டேன். உடனே, "எத்தனை மணிக்கு ஆரம்பிக்கறீங்க?" என்றார். அக்கா, அத்தான் கல்யாணத்துக்கு முன்னால் வாசித்த டிரம் உங்கள் கராஜில்தானே கிடக்கிறது? இன்றே பார்சலில் அனுப்பு.