கோடு தாண்டிய முன்சக்கரம்

"நல்லா இழுத்துப் பிடிங்கண்ணே. நடுவுல தொங்குது பாருங்க."

அளவு நாடாவின் மறுமுனையை ஜீப் டிரைவர் இழுத்துப் பிடித்தார். லாரியின் மூக்கிலிருந்து முதல் வீட்டுச் சுவர் வரை ஐம்பத்தொரு மீட்டர், இருபது சென்டிமீட்டர். குடியிருப்புக்கு ஐம்பது மீட்டருக்குள் சரக்கு லாரி நிறுத்தக் கூடாது என்பது விதி. தப்பித்தது.

நகரமைப்பு ஆய்வாளராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த லாரி அவளுடைய அப்பாவுடையது.

காலையிலேயே மேலாளரிடம் சொல்லிப் பார்த்தாள். "சார், அந்த லாரிப் பேட்டையில எங்கப்பா வண்டியும் நிக்குது. வேற யாரையாவது அனுப்புங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

லாரிகள் வீடுகளை ஒட்டி நிற்பதாக வந்திருந்த புகார் மனுவை மேலாளர் அவள் பக்கம் தள்ளினார். "கடைசி வரியைப் படிம்மா."

'புதிதாக வந்திருக்கும் பெண் அதிகாரியே நேரில் வந்து பார்க்க வேண்டும். வேறு ஆளை அனுப்பினால் மேலிடத்துக்கு எழுதுவேன். இப்படிக்கு, பொதுநலம் விரும்பி.'

அவளுக்குச் சுருக்கென்றது. பொம்பளைப் பிள்ளை, புதுசு, மிரட்டினால் பயந்துவிடுவாள் என்று எவனோ கணக்குப் போட்டிருக்கிறான். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் புதிதில்லை. வகுப்பில் பார்த்தாயிற்று, நேர்முகத் தேர்வில் பார்த்தாயிற்று. வரட்டும்.

"அவ்வளவுதானா கண்ணு?" அப்பா லாரியிலிருந்து இறங்கி வந்தார். ஜன்னலில் முட்டுக் கொடுத்தே ஓட்டி, வலது கை மட்டும் வெயிலில் கறுத்துப்போன மனிதர். "மத்த டிரைவர் பசங்க ஏழு பேரும் லோடு ஏத்திட்டுப் போயிட்டானுங்களே. ஒருத்தன்கூட இல்லையே."

"இல்லாதது நல்லதுப்பா. ஏழு பேரும் சேர்ந்து மல்லுக்கு நின்னா யாரு பதில் சொல்றது?"

'விதிமீறல் இல்லை' என்று எழுதிக் கொடுத்தாள்.

நான்காம் நாள் இரண்டாவது மனு வந்தது. 'காலிப் பேட்டையை அளந்தால் ஆயிற்றா? லாரிகள் நிற்கும்போது வரவும். பெண் அதிகாரியே வரவும்.'

"ஆளு விடமாட்டான் போலிருக்கே," என்றார் மேலாளர்.

"நானும் விடமாட்டேன் சார்."

இந்தத் தடவை ஒரு வழி கண்டுபிடித்தாள். ஐம்பதாவது மீட்டரில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு. இனி அளக்கவே வேண்டாம். தாண்டினால் தப்பு, தாண்டாவிட்டால் சரி. ஜீப் பழுதாகிக் கிடந்ததால் சுண்ணாம்பு வாளியோடு ஸ்கூட்டரில் போய், குனிந்து குனிந்து தானே போட்டாள். லாரி நிழலில் இரண்டு டிரைவர்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். நிமிரும்போது இடுப்பு இரண்டாகிவிடும் போலிருந்தது.

அப்பாவுக்கு முகமே சரியில்லை. "ஜீப்பு எங்க?"

"ரிப்பேருப்பா."

"அவ்ளோ பெரிய ஆபீஸ்ல வேற ஜீப்பே இல்லையா? ஆபீசரை வாளியோட அனுப்புறானுங்க!"

கோடு போட்டதே வினையாயிற்று. அடுத்த வாரமே மூன்றாவது மனு. 'போட்ட கோட்டை லாரி தாண்டி நிற்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எல்லா டிரைவர்களும் இருப்பார்கள். பெண் அதிகாரி ஜீப்பில் வரவும்.'

"பாத்தீங்களா சார்? எட்டு ஆம்பளைங்க நடுவுல என்னை நிக்க வெச்சு வேடிக்கை பாக்கணுமாம்!"

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. தாண்டியிருந்தா நோட்டீஸ் குடு. இதுக்கு மேல இன்னொரு மனு வந்துச்சுன்னா பேட்டைக்கு சீல்தான்."

சீல் வைத்தால் அடுத்த பேட்டை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். போக வர மூன்று மணி நேரம். அப்பாவை வாரத்துக்கு ஒருநாள் வீட்டில் பார்த்தால் அதிகம். ஞாயிற்றுக்கிழமையே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு எவன் வண்டி கோட்டைத் தாண்டி நின்னாலும் நோட்டீஸ்தான்ப்பா. முன்னாடியே சொல்லிட்டேன்."

"குடுக்கணும். ஆபீசர்னா குடுக்கணும்," என்றார் அப்பா, தன் காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

திங்கட்கிழமை ஜீப் பேட்டைக்குள் நுழைந்தபோது எட்டு டிரைவர்களும் தலை வாரி, சட்டைப் பொத்தான் போட்டு இரண்டு வரிசையாக நின்றார்கள். ஏழு லாரிகள் கோட்டுக்குப் பின்னால் பரம சாதுவாக நின்றன. எட்டாவதன் முன்சக்கரம் மட்டும் கோட்டைத் தாண்டி வந்து ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அப்பா லாரி. முப்பது வருஷமாக நூல் பிடித்த மாதிரி வண்டி நிறுத்துகிறவர்.

செருமிக்கொண்டாள்.

"இது யார் வண்டி?"

"என்னுதுங்க மேடம்," என்றார் அப்பா.

"கோடு கண்ணுக்குத் தெரியலையா?"

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மேடம். பின்னாடி நிக்கிறவனுங்களுக்குக் கேக்கலை."

நக்கல் வேறா? "கோட்டைத் தாண்டினா அப்பனா இருந்தாலும் நோட்டீஸ்தான்!" பேட்டையே அதிர்ந்தது. பின்வரிசையில் யாரோ "யப்பா!" என்றார்.

நோட்டீஸை நீட்டினாள். அவளுடைய கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் போடுவதற்காகவே கையெழுத்துக் கற்றுக்கொண்டவர், ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் நோட்டீஸை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவமானம், என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அவர் ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் எடுத்தார். இரண்டு லாரிகளுக்கு நடுவே, ஒரு விரல் இடைவெளியில், ஒரே மூச்சில் வண்டி உள்ளே போய் நின்றது.

அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. மூன்று மனுக்களையும் மேசையில் பரப்பி முறைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம்தான் கண்ணில் பட்டது. மூன்றிலும் 'ற' மட்டும் வரியை விட்டு எகிறி நின்றது. ஒரே தட்டச்சுப் பொறி.

அலுவலக வாசலில் அந்தப் பொறியோடு உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் மனு அடித்துத் தருகிற பெரியவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, இது மூணும் நீங்க அடிச்சதுதானே? எவன் வந்து சொன்னான்? நாலாவதா ஒண்ணு போட்டான்னா பேட்டையையே மூடிருவாங்க. எட்டுக் குடும்பம்யா!"

பெரியவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"யாரோ லாரி டிரைவரும்மா, வலது கை மட்டும் கறுத்திருக்கும். மத்தியானம்கூட வந்து எனக்கு இனிப்பு குடுத்தாரு. நாலாவது அடிக்கணுமான்னு கேட்டேன், 'வேணாங்க, இந்தத் தடவை பசங்க ஏழு பேரும் பாத்துட்டானுங்க'ன்னுட்டாரு."