எந்த நாட்டுச் சேவல்?

"ஆரணன் குஞ்சு, அப்பாவுக்குச் சொல்லுங்கோ. சேவல் என்னெண்டு கூவும்?"

இரண்டு வயது ஆரணன் வாழைப்பழத்தை வாய்க்குள் திணித்துக்கொண்டு, இந்த மனிதருக்கு வேறு வேலையே இல்லையா என்பதுபோல் அப்பா சஞ்சயனைப் பார்த்தான். பிறகு அடுத்த பழத்துக்குக் கை நீட்டினான்.

வெள்ளிக்கிழமை பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கக் கவுன்சிலிலிருந்து ஒருத்தி லண்டன் பிளேஸ்டோவில் இருக்கும் அவர்கள் பிளாட்டுக்கே வரப்போகிறாள். மிருகங்கள் எப்படிக் கத்தும் என்று கேட்பாளாம். இவன் வாய் திறக்காவிட்டால் பேச்சுப் பிந்திய பிள்ளை என்று எழுதிக்கொண்டு போய்விடுவாள். அந்தப் பயத்தில் சஞ்சயனுக்குச் சோறு இறங்கவில்லை.

உதவிக்கு, கூடவே இருக்கும் அக்கா நகுலேஸ்வரியைக் கூப்பிட்டான். அவர் ஜேர்மனியில் பல காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். உடம்பு மட்டும்தான் வந்தது.

"கிக்கெரிக்கீ! அப்பிடித்தான் சேவல் கூவும்."

ஆரணன் சிரித்தான். அது சஞ்சயனின் மனைவி கஜந்தினியின் அண்ணன் ஞானேஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை. அவர் பாரிஸிலிருந்து வந்து இங்கே தங்கியிருப்பவர்.

"என்னக்கா, சேவலுக்கு விக்கலோ? கொக்கோரிக்கோ எண்டு சொல்லிக் குடுங்கோ. குளத்தில நீந்துற தாரா குவேன் குவேன் எண்டும்."

"அது தாராவோ, மூக்கடைச்சுத் தடிமன் பிடிச்ச மனிசனோ? தாரா குவாக் எண்டுதான் கத்தும்!" என்றார் அக்கா.

கஜந்தினி குசினியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "வாறவள் லண்டன்காரி. கொக்-எ-டூடில்-டூ எண்டு சொன்னால்தான் மாக்ஸ் போடுவாள்."

"அப்ப எங்கட கொக்கரக்கோ?" என்றான் சஞ்சயன், தமிழின் மானம் தன் கையில் இருப்பதாக நினைத்து.

ஐரோப்பா முழுவதும் ஒரே சோபாவில் சண்டை பிடிப்பதைப் பார்த்த ஆரணன், முன்பு சொல்லிக்கொண்டிருந்த ஒரே "ஆ"வையும் நிறுத்திவிட்டான்.

"சேவலையே கேப்பம்" என்றான் சஞ்சயன். படித்த மூளை அல்லவா? யூடியூப்பில் அசல் சேவல் ஒன்றைத் தேடிப் பிடித்து, பேர்த்டே பார்ட்டிக்கு வாங்கிய பெரிய ஸ்பீக்கரில் போட்டான். ஜன்னல் அதிர்ந்தது.

"கேட்டியே? கிக்கெரிக்கீ!" என்றார் நகுலேஸ்வரி.

"கீயோ? கோ எண்டெல்லோ முடியுது!" என்றார் ஞானேஸ்வரன்.

தீர்ப்பு வராததால் சேவலை மறுபடியும் போட்டார்கள். பிள்ளைக்குப் பதியட்டும் என்று, ஷிப்டுக்குப் போகுமுன் தினமும் விடியற்காலையில் போட்டான் சஞ்சயன். சேவல் கூவ, நாலு பேரும் நாலு பாஷையில் கூடக் கூவினார்கள்.

வெள்ளிக்கிழமை கதவு தட்டப்பட்டது. கையில் பெரிய பெட்டியோடு ஒரு தமிழ்ப் பெண் நின்றாள்.

"வணக்கம். நான் லோஜினி, கவுன்சில்ல இருந்து..."

"வாங்கோ தங்கச்சி! உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம். கஜி, தேத்தண்ணி போடும்!" என்றான் சஞ்சயன்.

"இல்லை அண்ணை, நான் வந்தது..."

"தெரியும், தெரியும். பிள்ளையை நீங்கள் ஒண்டும் கேக்க வேண்டாம். ஆரணன், சேவல் என்னெண்டு கூவும்?"

"கிக்கெரிக்கீ!" என்று அக்கா எடுத்துக்கொடுத்தார். "கொக்கோரிக்கோ!" என்றார் ஞானேஸ்வரன். குசினிக்குள்ளிருந்து டூடில்-டூ வந்தது. லோஜினி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

ஆரணன் எழுந்தான். கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, ஸ்பீக்கர் சேவல் போலவே அச்சுப் பிசகாமல் கூவினான். அதில் எந்த நாட்டு எழுத்தும் இல்லை. வெறும் சேவல்தான்.

சஞ்சயனுக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளையை அள்ளித் தூக்கினான். "கேட்டீங்களே தங்கச்சி? ஒரு குறையும் இல்லையெண்டு எழுதுங்கோ!"

லோஜினி பெட்டியைக் கீழே வைத்துத் திறந்தாள். அது ஒரு வெறும் கோழிக்கூடு.

"பிள்ளை நல்லாக் கூவுறார் அண்ணை. ஆனா நான் பிள்ளையைப் பாக்க வரேல்லை, இந்த பிளாட்டில விடியக்காலமை கூவுற சேவலைப் பிடிச்சுக்கொண்டு போக வந்தனான்."