சசிதர் லோனில் போன விவரம்

ஆர்.எஸ்.புரம்
வெள்ளிக்கிழமை

சத்தியமங்கலத்தில் இருக்கும் தம்பி கோவிந்தராஜுலுவுக்கு அக்கா கனகம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சர்க்கரையும் முழங்காலும் எப்படி என்று கேட்பது மரியாதை, அதனால் கேட்கிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, என் எழுத்து உனக்குப் புரியாது, ஆகையால் வேறு ஆளை வைத்து எழுதுகிறேன்.

போன மாதம் கொடுமுடிக் கல்யாணப் பந்தியில் என் பேரன் சசிதர் உன் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். எதிர் வரிசையில் நான் இருந்தேன், ஒரு வார்த்தை தவறவிடவில்லை. "இப்ப எங்க கண்ணு ஆடிட்டிருக்கே?" என்று கேட்டாய். "லோன்ல கோழிக்கோட்டுல இருக்கேனுங்க தாத்தா" என்றான். "எத்தன லோனு?" "ஒரு சீசனுக்குங்க." "ஊட்டுல தெரியுமா?" "அப்பா முன்னாடிதானுங்க கையெழுத்துப் போட்டேன்." "திருப்பிக் குடுக்கலீன்னா?" "புடிச்சிருந்தா அவங்களே வெச்சுக்குவாங்க தாத்தா." அவன் இன்னொரு வடை கேட்டான், நீ ரசத்துக்கு இருக்காமல் எழுந்து போனாய், மறுநாள் என் மகன் வெங்கடபதிக்குப் போன் போட்டு, "கடன்காரனுக்கு என்ற பேத்தியக் குடுக்க முடியாது மாப்ளே" என்று சொல்லி நிச்சயத்தையே நிறுத்திப்போட்டாய்.

லோன் என்றால் என்னவென்று நானும் வெங்கடபதியைக் கேட்டேன். சசிதர் கோவாவில் ஒரு கிளப்புக்கு மூன்று வருஷம் கையெழுத்துப் போட்ட ஃபுட்பால்காரன், அங்கே அவன் இடத்தில் ஒரு பிரேசில்காரன் இருப்பதால், பெஞ்சில் உட்கார வைக்க வேண்டாம், ஆடிப் பழகட்டும் என்று கோழிக்கோட்டுக் கிளப்புக்கு ஒரு சீசன் அனுப்பியிருக்கிறார்கள். அவன் கடன் வாங்கவில்லை, அவனைத்தான் கடன் வாங்கியிருக்கிறார்கள். சம்பளம் மாசம் ஒன்றேகால் லட்சம், பாதி கோவா, பாதி கோழிக்கோடு, கோல் போட்டால் தனி. பதினெட்டு வயசில் இருபதாயிரத்துக்குச் சேர்ந்த பையன். முப்பத்துமூன்றுக்கு மேல் ஓட விடமாட்டார்களாம், அதனால் இப்போதே சரவணம்பட்டியில் ஐந்து சென்ட் வாங்கிப் போட்டிருக்கிறான், கைக்காசில்.

இது உனக்குப் புரியாமல் போகாது. எண்பத்தொன்றாம் வருஷம் எங்கள் மயிலைக் காளையை உழவுக்குப் பத்து நாள் என்று ஓட்டிப் போனாயே, அதுதான் லோன். நாற்பத்தோரு நாள் வைத்திருந்தாய். தவிடுகூட எங்கள் ஊட்டிலிருந்துதான் வந்தது. திரும்பி வந்தபோது இடது கொம்பு இல்லை. கேட்டதற்கு, "வரும்போதே அப்பிடித்தானுங்க அக்கா" என்றாய். கோழிக்கோட்டுக்காரர்கள் அப்படியில்லை. முட்டி வீங்கினால் அன்றைக்கே ஸ்கேன் எடுத்துக் கோவாவுக்கு அனுப்புகிறார்கள்.

பெண் கேட்டு நான் இதை எழுதவில்லை. எங்களுக்கு உடுமலைப்பேட்டையில் வேறு இடம் வந்திருக்கிறது, பெண் டாக்டருக்குப் படிக்கிறது. உன் வாசப்படியை இனி நான் மிதிக்கப்போவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. மூத்தவள் என்ற முறைக்கு உனக்கும் நூறு வயசு.

அக்கா கனகம்

பின்குறிப்பு: கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், எழுதியது உன் பேத்தி நவ்யா. ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கும் இந்த நாலு நாளும் இங்கேதான் இருக்கிறாள். உடுமலைப்பேட்டை என்றதும் பேனாவை வைத்துவிட்டாள். "அப்பிடி ஒரு எடமே இல்லீன்னு சொல்லுங்க பாட்டி, அப்பத்தான் எழுதுவேன்" என்றாள். இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு உன் ஊட்டுக்கு வாரேன், சசிதரும் வருகிறான், வெற்றிலை பாக்கு எடுத்து வை. இவளும் எனக்கு லோன்தான் தம்பி. ஆனால் சொன்ன தேதியில் திருப்பிவிடுவேன், கொம்பு இரண்டும் இருக்கும்.