ஐந்தாம் மாடியில் ஓடிய இயந்திரம்

"ஓடல சார்."

"ஓடணும்மா. பத்து மணிக்கு வர்றாங்க."

திட்ட உதவியாளர் அந்த வெள்ளை இயந்திரத்தின் தலையில் மறுபடி ஒரு தட்டுத் தட்டினாள். இடுப்பு உயரம், பீப்பாய்ப் பருமன். ஆளில்லாமல் தானாகவே தரை துடைக்க வந்தது. மூன்று நாள் துடைத்தது. நான்காம் நாள் நின்றதுதான், இன்றுவரை அசையவில்லை.

இரண்டு பல்கலைக்கழகங்கள் கைகோத்து நடத்தும் ஆய்வு அது. 'மண்ணுக்கும் மேனிக்கும் நாளைய வேலை' என்று பெயர். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஓர் இயந்திரம். தண்ணீர் எவ்வளவு மிச்சம், துடைக்கிறவர்களின் முதுகுவலி எவ்வளவு குறைவு என்று இரு தரப்பும் ஒப்பிட வேண்டும். இன்று மற்றப் பல்கலைக்கழகத்தார் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினால் ஒப்பந்தம் மூன்று வருடம் நீளும், அவள் வேலையும் நீளும். ஆட்டாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு அவள் வீட்டுக்குப் போகலாம்.

அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அதனால் கட்டிடத்தைத் துடைக்கும் ஒன்பது பெண்களும் அவளை 'டிகிரி' என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தது ஒன்பதில் ஒருத்தியான அவள் சித்தி.

"ஓடலன்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேனே சார்."

"அங்க ஓடுதே!" ஆய்வை இங்கே நடத்தும் பேராசிரியர் தன் போனை நீட்டினார். போன மாதம் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது எடுத்த வீடியோ. நீண்ட வராந்தாவில் இதே மாதிரி இயந்திரம் வழுக்கிக்கொண்டு போனது. ஓரத்தில் பேராசிரியர் கைதட்டிக்கொண்டிருந்தார். "அதே கம்பெனி, அதே மெஷின். அவங்க கையில ஓடுது, உன் கையில படுத்துக்குது. அப்ப கோளாறு யாருகிட்ட?"

டிகிரிக்குச் சுருக்கென்றது.

சித்தி மாப்பைச் சுவரில் சாய்த்தாள். "அடியில சக்கரம் இருக்குல்ல? நரம்பு கட்டி இழுத்தா வராதா?"

"சித்தி, அது என்ன ஆட்டுக்குட்டியா?"

"நைலான் நரம்பு. தூரத்துலேர்ந்து பார்த்தா தெரியாது."

"ஆய்வுல இதெல்லாம் பெரிய தப்பு" என்றார் பேராசிரியர் கண்டிப்பாக. பிறகு, "எவ்வளவு நீளம் இருக்கு?" என்றார்.

கீழ்த்தளத்தில் வெயில் பட்டு நரம்பு பளபளத்தது. வெயில் படாத வராந்தா ஐந்தாம் மாடியில்தான். அன்று புதன்கிழமை, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க லிஃப்ட்டை நிறுத்தி வைக்கும் நாள். அந்த விதியைக் கொண்டுவந்து விருது வாங்கியவரும் இதே பேராசிரியர்தான்.

ஆய்வின் முதுகுவலிப் பகுதியை எழுதும் டாக்டர் முன்னால் வந்தார். "கனத்தை எப்படித் தூக்கணும்னு நான் காட்டுறேன்." மூன்றாம் மாடிவரை காட்டினார். அங்கே "ஐயோ" என்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"முதுகுவலி பாதியாக் குறைஞ்சிடுச்சுன்னு எழுதினது இவருதானே?" என்றாள் சித்தி.

ஒன்பது பெண்களும் இயந்திரத்தை மேலே கொண்டுபோனார்கள். திரும்பி வந்து டாக்டரைக் கீழே கொண்டுபோனார்கள்.

"சத்தமே இல்லாம போனா சந்தேகப்படுவாங்க" என்று பேராசிரியருக்கு அடுத்த கவலை. டிகிரி தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தத்தைத் தன் போனில் பதிவு செய்து, போனை இயந்திரத்தின் வயிற்றுக்குள் வைத்து மூடினாள். நரம்பின் மறுமுனையோடு சித்தி வராந்தாக் கோடியின் திருப்பத்தில் மறைந்தாள்.

விருந்தாளிகள் மூச்சுவாங்க ஏறி வந்தார்கள். அவர்களின் தலைவி, இரண்டு பேராசிரியர்கள், கோப்புகளைச் சுமந்து ஓர் உதவியாளர் பெண். அவளுக்கு டிகிரியின் வயதுதான் இருக்கும்.

இயந்திரம் உறுமிக்கொண்டு புறப்பட்டது. அரசியார் மாதிரி நகர்ந்தது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து டிகிரியின் அம்மா போன் பண்ணினாள். இயந்திரத்தின் வயிறு மணியடித்தது.

"தண்ணி தீர்ந்தா இப்படித்தான் கூப்பிடும்" என்றார் பேராசிரியர், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"ரொம்ப நேரமா கூப்பிடுதே, யாரும் எடுக்க மாட்டீங்களா?" என்றார் தலைவி.

பேச்சை மாற்றப் பேராசிரியர் குரலை உயர்த்தினார். "இனிமே இந்தக் கட்டிடத்துக்கு ஆளே வேண்டாம் மேடம். ஒன்பது பேர் வேலைய இது ஒண்ணே பார்த்துக்கும். அடுத்த மாசமே அவங்களை அனுப்பிடலாம்."

இயந்திரம் நின்றது.

டிகிரிக்கும் இது புதுச் செய்தி. அவள் வேலை நீளுவதற்கு யாருடைய வேலை போகும் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

திருப்பத்திலிருந்து சித்தி வந்தாள். உள்ளங்கையில் நரம்பு நாலு சுற்றுச் சுற்றியிருந்தது.

"என்ன சார் சொன்னீங்க? அங்க சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க."

"இவங்க... பராமரிப்புப் பிரிவு" என்று இழுத்தார் பேராசிரியர்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும்கூடச் சமாளித்திருக்கலாம். டிகிரி போய்ச் சித்தியின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"பிரிவும் இல்ல, கிரிவும் இல்ல. இவங்க என் சித்தி. மூணே நாள் ஓடின மெஷின் இது. குனிஞ்சு பாருங்க, தரையில உங்க முகம் தெரியுதா? அது இந்த ஒன்பது பேரோட கை. ஒரு சொட்டுத் தண்ணி வீணாக்காம துடைக்கிறதும் இந்தக் கைதான். என்னைப் படிக்க வெச்சதும் இந்தக் கைதான். எழுதினா அதை எழுதுங்க. என்னை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாம், நான் இப்பவே போறேன்."

"மெதுவாடி டிகிரி" என்றாள் சித்தி. ஆனால் தூக்கிய கையை இறக்கவில்லை. தனக்கே பட்டம் கொடுப்பதுபோல நிமிர்ந்து நின்றாள்.

பேராசிரியருக்கு அழுகை முட்டியது. "மானத்தை வாங்கிட்டியேம்மா! இவங்க இடத்துல அந்த மெஷின் எவ்வளவு அழகா ஓடுச்சு! என் கண்ணால பார்த்தேனே!"

விருந்தாளித் தலைவி கூரையைப் பார்த்தார். மற்ற இருவரும் ஷூவைப் பார்த்தார்கள்.

கோப்புகளைச் சுமந்த பெண் அவற்றைத் தரையில் வைத்தாள். நேரே நடந்து வந்து, டிகிரிக்குப் பக்கத்தில் நின்று, நரம்பை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்க கைதட்டினீங்களே சார், அந்தக் கோடியில இழுத்தது எங்கம்மா."