நான் வெட்டுன தொட்டில்

நேத்து எனக்குக் குடுத்த வேலை ஒட்டடை அடிக்கறது மட்டுந்தானுங்க.

சூரமங்கலத்துல எங்க சர்ச்சுப் பெண்கள் ஐக்கியத்துல இருந்து ஒரு வேன் புடிச்சு, மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற பழைய மாதா கோயிலைச் சுத்தம் பண்ண ஊழியம் போனோம். வெள்ளைக்காரச் சாமியாருங்க காலத்துல கட்டுன கோயில். அவங்க ஆர்.சி., நாங்க சி.எஸ்.ஐ. "ரெண்டு சபைக்கும் ஒரு ஒத்துமை வரட்டும்"னு எங்க ஆயரம்மா பண்ணுன ஏற்பாடு. ஆயரம்மான்னா எங்க போதகரோட ஊட்டுக்காரம்மா. அவங்க முன்னால இருமறதுக்கே நாங்க யோசிப்போம்.

ஒட்டடை சீக்கிரமே முடிஞ்சுது. அத்தோட புளிசாதப் பொட்டலத்தைப் பிரிச்சு உக்காந்திருந்தா இந்தப் பதிவே இல்லை. என் கை சும்மா இருக்குமா?

மாதா சொரூபத்துக்கு முன்னால ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு. அது பூரா மஞ்சக் கயிறு, கிழிஞ்ச துணி, குட்டிக் குட்டி மரத்துண்டு. ஐயோ, எத்தனை வருசத்துக் குப்பையோ! எங்க சர்ச்சுல ஃபேனைத் தவிர எதுவும் தொங்காதுங்க. எனக்கென்ன தெரியும்?

கத்திரிக்கோலை எடுத்தேன். நறுக்கு நறுக்குனு வெட்டிச் சாக்குல போட்டு, கம்பியைத் தேங்காநார்ல தேச்சேன். பளபளன்னு ஆயிருச்சு. பெருமை தாங்கலை, ஃபோட்டோ வேற எடுத்துக்கிட்டேன்.

அப்ப ஒரு அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாங்க. நெத்தி நிறையக் குங்குமம், கையில மெழுகுவத்தி.

"ஏனுங்க, இங்க நான் கட்டுன தொட்டில் எங்கீங்க?"

"எந்தத் தொட்டிலுங்க?"

"எம்பொண்ணுக்குப் புள்ளை வேணும்னு வேண்டிக் கட்டுனதுங்க! எத்தனையோ வருசம் கழிச்சு இப்பத்தான் வயித்துல தங்கியிருக்குது. திருச்செங்கோட்டுல வலியெடுத்துப் படுத்திருக்கறா. தொட்டிலைத் தொட்டுக் கும்புட்டுட்டு ஓடலாம்னு வந்தனுங்க!"

அப்ப நான் வெட்டுனது அத்தனையும் ஊர்ச்சனத்தோட வேண்டுதலா!

"அது... தூசி தட்டறதுக்கு எடுத்து வெச்சேனுங்க"ன்னு கூசாமப் புளுகிட்டு, சாக்கைத் தரையில கொட்டுனேன். கொட்டுன கோலத்தைப் பாத்ததுமே அவங்களுக்குப் புரிஞ்சுருச்சு.

"வெட்டிப்போட்டீங்களா?"ன்னாங்க. கண்ணு ரெண்டும் நிறைஞ்சு போச்சு. திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க.

ரெண்டு பேரும் மண்டி போட்டுத் தேடுனோம். "பச்சைக் கரைத் துணிங்க... எம்பொண்ணு பழைய சீலையில கிழிச்சதுங்க..." கடைசியில கெடச்சுது.

"நீங்களே கட்டுங்க. வெட்டுன கைதான் கட்டோணும்."

கட்டுனேன். வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து ஜெபம் பண்றவ நான். ஆனா இப்படி வேர்த்து விறுவிறுத்து ஒருநாளும் பண்ணுனதில்லை. "ஆண்டவரே, எம்புத்திகெட்டதனத்தை அந்தப் புள்ளை தலையில எறக்கிராதீங்க!"

முடிச்சை இறுக்கறேன், அவங்க ஃபோன் அடிக்குது.

"பொறந்துருச்சா? பொண்ணா? தாயும் புள்ளையும் சொகமா?"

அந்தம்மா என்னைக் கட்டிப்புடிச்சு ஓன்னு அழுதாங்க. நானும் அழுதேன். அவங்களுக்குச் சந்தோசம், எனக்கு உசுரு திரும்பி வந்த நிம்மதி.

அத்தோட போனாங்களா? "இந்தக்கா கை ராசியான கைங்க! முடிச்சு போடப் போடப் புள்ளை பொறந்துருச்சு!"ன்னு வாசல் வரைக்கும் சொல்லிக்கிட்டே போனாங்க. கோயிலுக்கு வந்த பொம்பளைங்கெல்லாம் வெளிய கடையில தொட்டில் வாங்கிட்டு எம்முன்னால ஒரே வரிசை!

"எனக்கும் கட்டியுடுங்க சாமி."

வெட்டுனதையெல்லாம் திருப்பிக் கட்டி, புதுசையும் கட்டி, விரலு வீங்கிப் போச்சு. நிமுந்து பாத்தா ஆயரம்மா!

"என்ன பண்ணிட்டிருக்கற நீ? இது நம்ம சபை வழக்கமா?"

செத்தேன்னு நினைச்சேன்.

ஆயரம்மா முன்னயும் பின்னயும் பாத்தாங்க. மெல்லக் கிட்ட வந்தாங்க. முந்தானைக்குள்ள இருந்து ஒரு குட்டித் தொட்டிலை எடுத்து எங்கையில திணிச்சாங்க.

"எம்மருமகளுக்கு. நல்லா இறுக்கிக் கட்டு. ஐயாகிட்ட மூச்சு விட்றாத."

எங்க போதகரய்யாவுக்கு ஃபேஸ்புக் கிடையாதுங்கற தைரியத்துலதான் இதை எழுதறேன்.