ஒன்பதாம் மாடி இருவாட்சியின் நற்சான்று

ஒரு காட்டில், பட்டா யார் பெயரில் என்று நீங்கள் கேட்காமல் இருப்பதானால் மேலே சொல்கிறேன், 'உச்சிவனம் ரெசிடென்சி' என்று இருபத்தேழு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது. கட்டியது நரி. வேறு யார் கட்டுவார்கள்?

கட்டுவதற்கு முன்னால் நரி ஒரு படம் காட்டியிருந்தது. அதில் கட்டடம் மயில் தோகை மாதிரி விரிந்திருந்தது. மாடிக்கு மாடி கொடி படர்ந்த பால்கனி. ஆறாவது மாடி பால்கனியில் ஒரு மான் குடும்பம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது. மான் எந்தக் காலத்தில் காபி குடித்தது என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எல்லோரும் தங்கள் மரத்தையும் புதரையும் பொந்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்று டோக்கன் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் கழித்துச் சாரத்தைப் பிரித்தார்கள். தோகையைக் காணோம். கொடியையும் காணோம். சாம்பல் நிறத்தில் நெட்டுக்குத்தாக ஒரு பெட்டி நின்றது. பால்கனி வர வேண்டிய இடத்தில், வீட்டுக்கு ஒன்று வீதம், இரண்டு விரல் அகலத்தில் ஒரு கீறல். அதற்கு ஜன்னல் என்று பெயர்.

"சோப்பு டப்பாவை நிமுத்தி வெச்ச மாதிரி இருக்குது," என்றது குரங்கு.

"டப்பாக்குள்ள சோப்பாவது இருக்கும்," என்றது கரடி.

நரி கொஞ்சமும் அசரவில்லை. "படத்துக்குக் கீழ 'ஓவியரின் கற்பனை'ன்னு போட்டிருந்தமே, படிக்கலீங்களா?" என்று கேட்டது. போட்டிருந்தது உண்மைதான். அந்த எழுத்தின் அளவுக்கு எறும்புதான் அதைப் படித்திருக்க முடியும். எறும்புக்கு வீடு ஒதுக்கவில்லை.

காடே திரண்டு கட்டட அனுமதிக் குழுத் தலைவர் யானையம்மாவிடம் போனது. அந்த அம்மாள் நேரில் வந்து கட்டடத்தை மூன்று முறை சுற்றிப் பார்த்தார். "அமாவாசைக்குள்ள எல்லா வீட்டுச் செவுத்தையும் ஒடச்சு, ஒழுங்கா பால்கனி வெச்சுக் குடு. ஆட்சேபணை இருந்தா வியாழக்கிழமை கூட்டத்துல சொல்லலாம்," என்று உத்தரவு போட்டார். காடு கைதட்டியது.

9சி வீட்டில் மட்டும் யாரும் தட்டவில்லை. அங்கே மாசிலாமணி, வடிவு என்ற இருவாட்சித் தம்பதி இருந்தார்கள். இருவாட்சிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். உள்ளே இருக்கும்போது அதன் சிறகும் உதிர்ந்துவிடும். ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டும். இவர்களுடைய மரத்தை நரி வெட்டிவிட்டதால், வேறு வழியில்லாமல் வடிவு 9சி-க்குள் போய்க் கதவைப் பூசிக்கொண்டாள். ஜன்னல் கீறல் அவள் அலகுக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. இது நரிக்கே தெரியாது. அது கண்ணாடிச் செலவை மட்டும்தான் யோசித்திருந்தது.

"ஏனுங்க, செவுத்தை ஒடைக்கறாங்களாமா?" வடிவு உள்ளேயிருந்து கேட்டாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"டேப்பு வெச்சு அளக்கற சத்தம் கேட்டுதுங்க. எனக்கு றெக்கை பூராம் உதுந்து போச்சு. முட்டையை வெச்சுட்டு நான் எங்கீங்க போவேன்?"

மாசிலாமணி அண்ணாந்து பார்த்தான். மேல் வீட்டு 10சி-யில் ஒரு மரநாய் குடியிருந்தது. முட்டை என்றால் அதற்கு உயிர். அது ஏற்கெனவே இரண்டு தடவை "அக்கா சௌக்கியங்களா?" என்று விசாரித்துவிட்டது.

வியாழக்கிழமை புங்கமரத்தடியில் கூட்டம். "ஆட்சேபணை யாருக்காச்சும் இருக்குதா?" என்று யானையம்மா கேட்டார். மாசிலாமணி இறக்கையைத் தூக்கினான்.

"வீடு இப்புடியே இருக்கட்டுமுங்க, தலைவரம்மா."

"எதனால?"

உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தான். முட்டை இருக்கிறது, நாலு மாதம் பொறுங்கள் என்று ஒரு வரி. வாயைத் திறந்தபோது முன்வரிசையில் மரநாய் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வார்த்தையை விழுங்கினான்.

"பிடிச்சிருக்குதுங்க," என்றான். "வெளிச்சம் வாறதில்ல. காத்து வாறதில்ல. ஒருத்தரும் எட்டிப் பாக்க முடியாது. எங்களுக்கு அதுதான் வேணும்."

"நரிகிட்ட என்னடா வாங்குன?" என்று குரங்கு கத்தியது. பின்வரிசையிலிருந்து ஒரு மாங்கொட்டை பறந்து வந்து அவன் தலையில் பட்டது. மாசிலாமணி துடைத்துக்கொண்டு நின்றான். அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டது அவனுக்கு வலித்தது, ஆனால் நகரவில்லை.

நரி மெதுவாக அவன் பக்கத்தில் வந்து ஒரு படிவத்தை நீட்டியது. "வாடிக்கையாளர் திருப்திப் படிவமுங்ணா. இதுல மூக்கை ஒருக்கா அழுத்துங்க. ஏழாவது கேள்விக்கு மட்டும் வாயால பதில் சொல்லுங்க. வீட்டம்மாவுக்கு இந்த வீட்டைவிட்டு வெளிய வர இஷ்டமுங்களா?"

மாசிலாமணி மூக்கை அழுத்தினான். "இல்லீங்க."

"பாத்தீங்களா, தலைவரம்மா," என்றது நரி. குடியிருப்பவர் ஒருவர் எழுத்து மூலம் திருப்தி தெரிவித்தால் அந்த வடிவமைப்பை மாற்றத் தேவையில்லை என்று விதிப் புத்தகத்தில் இருந்தது. விதிப் புத்தகத்தை அச்சடித்துக் கொடுத்ததும் நரிதான். யானையம்மா பெருமூச்சு விட்டு உத்தரவை ரத்து செய்தார்.

முட்டை பிழைத்தது. நாலாவது மாதம் வடிவு மண்ணைக் கொத்தி உடைத்து, குஞ்சோடு வெளியே வந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக எதிரே பார்த்தாள். அதே மாதிரி பதினொரு பெட்டிகள் சாரத்தோடு வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. அதே சாம்பல் நிறம், அதே கீறல். முதல் பெட்டியின் உச்சியில் ஒரு விளம்பரப் பலகை. அதில் ஜன்னல் கீறலுக்கு வெளியே நீட்டிய வடிவின் அலகு யானை அளவுக்கு இருந்தது. கீழே எழுதியிருந்தது: 'உள்ளே போனவர் இன்னும் வெளியே வரவில்லை. அவ்வளவு பிடித்திருக்கிறது.'

பலகைக்கு அடியில் முன்பதிவு வரிசை வளைந்து வளைந்து போனது. குரங்கும் கரடியும் அதில் இடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"நாம பழம் பொறுக்கற அத்தித்தோப்பு எங்கீங்க?" என்றாள் வடிவு.

"அந்த டவருகளுக்கு அடியில."

"நீங்க அவுங்ககிட்ட என்னதான் சொன்னீங்க?"

"வீடு பிடிச்சிருக்குதுன்னு சொன்னேன்," என்றான் மாசிலாமணி. குஞ்சு பசியில் கத்த ஆரம்பித்தது.

நீதி: ஊரே காறித் துப்பினாலும் கட்டியவர் கவலைப்பட வேண்டாம். வெளியே வர முடியாத ஒருவர் உள்ளே இருந்தால் போதும், அவரைத் திருப்தியான வாடிக்கையாளர் என்று எழுதிக்கொள்ளலாம்.